குடும்பத் தொழில் சாம்ராஜ்யம் ஏன் சரிகிறது? பெரம்பூர் பின்னி மில்லை வைத்து ஒரு விளக்கம்

ஒரு குடும்பப் பெயரில் தொடங்கிய வியாபாரம் பல தொழில்களாகக் கிளைவிட்டால், அதுதான் குடும்பத் தொழில் சாம்ராஜ்யம். சென்னையில் பிரிட்டிஷ் வியாபாரக் குடும்பத்தின் பெயரில் தொடங்கிய பின்னி நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது. வியாபாரம், கப்பல் ஏஜென்சி, அப்புறம் பெரம்பூரில் 1876-இல் பக்கிங்ஹாம் மில், அடுத்து கர்நாடிக் மில். ஒரு காலத்தில் போலீஸ் காக்கித் துணி என்றாலே பின்னிதான். வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

பெயரை நம்பிக் கிடைக்கும் கடன்தான் பலம். ஆபத்தும் அதுவே. தெருவில் சீட்டுப் பிடித்தவர் ஓடிப்போனால், அந்தப் பணத்தை நம்பிச் சரக்கெடுத்த மளிகைக்கடைக்காரரும் விழுவார் இல்லையா? அப்படித்தான் 1906-இல் சென்னையின் அர்பத்நாட் வங்கி திவாலானபோது பின்னியும் ஆட்டம் கண்டது. பிரிட்டிஷ் வணிகக் குழுமமான இஞ்ச்கேப் அதை வாங்கிக் காப்பாற்றியது.

1996-இல் மில் மூடும்வரை பின்னி குடும்பமே முதலாளி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, கடைசிவரை நின்றது பெயர் மட்டும்தான்.