ரீபில்ட் எஞ்சினில் ஆயில் பிரஷர் இறங்கவே மாட்டேன் என்கிறதா?

மார்த்தாண்டம் வாசகர் ஒருவர் பழைய மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் எஞ்சினை நாகர்கோவிலில் இறக்கி, ரீபோர் செய்து, கிராங்க் அரைத்து, கேம் மாற்றிப் பூட்டியிருக்கிறார். புது ஆயில் பம்ப், 20டபிள்யூ-50 ஆயில், தனியாக ஒரு பிரஷர் மீட்டர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் 100 பிஎஸ்ஐ தாண்டுகிறது; வண்டி சூடான பிறகும் 3000 ஆர்பிஎம்மில் 85. “பிரஷர் நிறைய இருந்தா நல்லதுதானே” என்கிறார் மெக்கானிக். அப்படியே விடலாமா என்று கேட்கிறார்.

விடக்கூடாது. பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். போகும் வழியில் உள்ள தடைதான் பிரஷரை உண்டாக்குகிறது. முள் ஏறி நிற்பதால் பேரிங்குக்கு ஆயில் நிறையப் போகிறது என்று அர்த்தமில்லை.

முதலில் மீட்டரையே சந்தேகப்படுங்கள். 5 பார் (பிஎஸ்ஐ போலப் பிரஷரின் இன்னொரு அளவு) வரை அளக்கும் சென்சாரை 10 பார் மீட்டரோடு கோர்த்தால் இரண்டு மடங்கு காட்டும். ஒற்றை வயர் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காமல் அளவு தவறலாம். சென்சாரைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் மீட்டரைப் பூட்டிப் பாருங்கள்.

85 உண்மைதான் என்றால், ஆயில் நன்றாகச் சூடானபின் அளவு எடுங்கள். தண்ணீர் சூடாகிற வேகத்தில் ஆயில் சூடாகாது. நாகர்கோவில் வரை ஓட்டிவிட்டு அங்கே பாருங்கள். 3000-இல் 40 முதல் 60 வரை இருந்தால் தாராளம்.

அப்புறம் ரிலீஃப் வால்வு, அதாவது பிரஷர் மிஞ்சினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு. என் அனுபவத்தில் பாதிக் கோளாறு இங்கேதான். ஆர்பிஎம்மை மெல்ல ஏற்றுங்கள். முள் 85-இல் வந்து நின்றுவிட்டால் வால்வு திறக்கிறது, ஸ்பிரிங்தான் கடினம். ரேஸ் ஸ்பிரிங்கோ அடியில் ஒரு வாஷரோ போட்டிருப்பார்கள். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் வால்வு சிக்கியிருக்கிறது, அல்லது ஆயில் திரும்பும் வழியைச் சிலிகான் பேஸ்ட் அடைத்திருக்கிறது. வால்வுக்குள் நகரும் பிளஞ்சரைக் கழுவி ஆயில் தடவித் துளையில் விடுங்கள். தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால், நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு சின்னப் பிசிரோ கீறலோ இருக்கும்.

வால்வு சரியாக இருந்தால் லேத்தில் பேரிங் கிளியரன்ஸ் (பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு விட்டார்கள் என்று கேளுங்கள். ஜர்னல், அதாவது பேரிங்கில் சுழலும் கிராங்க் பகுதியின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு; 45 மில்லிமீட்டர் என்றால் 0.045. அதைவிடக் கொஞ்சம் இறுக்கம் என்றால் நம் ஊர் வெயிலுக்கு இன்னும் மெல்லிய 10டபிள்யூ-40 ஆயில் போதும், பிரஷரும் இறங்கும். பாதிதான் இருக்கிறது என்றால் ஆயில் மாற்றிச் சமாளிக்க முடியாது, எஞ்சினைத் திரும்ப இறக்கத்தான் வேண்டும்.

எனக்குப் பயம் ஒன்றுதான்: சென்சாருக்கு அப்பால் ஆயில் வழி அடைபட்டிருப்பது. ஹெட் கேஸ்கெட்டின் துளை பொருந்தாவிட்டால்கூடப் போதும். மீட்டர் 85 காட்டும், கேம் காய்ந்து ஓடும். இதை இன்றே பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஐடிலில் ராக்கர் (வால்வுகளை அழுத்தித் திறக்கும் கை) நனைகிறதா என்று கவனியுங்கள். காய்ந்திருந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

நனைகிறது என்றாலும், கோளாறு தீரும்வரை காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். அந்த 100 பிஎஸ்ஐயில் ஃபில்டரின் ரப்பர் பிதுங்கினால் சம்ப்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) உள்ள ஆயில் முழுக்க ரோட்டில் போய்விடும். ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். கம்பெனி ஸ்பிரிங்கையே வாங்கிப் போடுங்கள்.