மத நம்பிக்கையாளர்கள் கூடிப் பேசும் குழுக்களில் 'பரிணாமமா, படைப்பா' என்ற வாதம் ஏன் ஓய்வதே இல்லை?

இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலும் கால் வைத்திருப்பவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். வாரத்தில் ஐந்து நாட்கள் திருமங்கலத்துக்கு அருகே ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஞாயிறு காலை, ஆராதனைக்கு முன்பாக, அதே பிள்ளைகளில் சிலருக்கு எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில், உலகப் படைப்பைச் சொல்லும் வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் 'டார்வின் தோற்றார்' என்ற வகைக் காணொளி ஒன்று வந்து விழுந்தால், அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "டீச்சர் என்ன சொல்றாங்கன்னு கேப்போம்" என்று எழுதிவிடுவார்.

நான் கவனித்த முதல் விஷயம், அந்தக் குழுவில் நாத்திகர் ஒருவர்கூட இல்லை என்பது. எதிர்த்து வாதாடுகிறவர், ஆதரித்து வாதாடுகிறவர், இரண்டு பேருக்கும் கைகூப்பும் படம் அனுப்பிச் சமாதானம் செய்கிறவர் என அனைவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே கூரையின் கீழ் உட்காருகிறவர்கள்தாம். ஆகவே இது மதத்துக்கும் அறிவியலுக்கும் நடக்கும் சண்டை என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது, என் அனுபவத்தில், பாதிக்கு மேல் தவறு. இது நம்பிக்கையுள்ளவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் சண்டை. வேதத்தை எழுத்துக்கு எழுத்து வாசிப்பதா, பொருளறிந்து வாசிப்பதா என்பதே அதன் கரு. டார்வின் அங்கே ஓர் உரைகல் மட்டுமே. அவரைப் பற்றி ஒருவர் என்ன சொல்கிறார் என்பதை வைத்து, அவர் எந்த வகை விசுவாசி என்று மற்றவர்கள் எடைபோட்டுவிடுகிறார்கள்.

ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். சூரியன் நான்காம் நாளில்தான் உண்டாகிறது. "அப்போ முதல் மூணு நாளை எதை வச்சு எண்ணுனாங்க?" என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பிறகு மனிதன் வருகிறான். இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் உருவாக்கப்பட்ட பிறகே மிருகங்கள் அவனிடம் பெயர் வாங்க வருகின்றன. இந்த இடங்களை டார்வின் கண்டுபிடிக்கவில்லை. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன்பே பழைய திருச்சபையின் இறையியலாளர் புனித அகஸ்தீன் இவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறார். வானத்தையும் பூமியையும் பற்றி ஒன்றும் தெரியாமல் வேதத்தைச் சாட்சிக்கு இழுத்துப் பேசுகிற கிறிஸ்தவர்கள், பிற மக்கள் முன்னால் வேதத்துக்கே தலைக்குனிவை உண்டாக்குகிறார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார். நான் அதை ஒருமுறை குழுவில் போட்டேன். "அவர் கத்தோலிக்கர்" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இன்று நம் கைப்பேசிக்கு வந்து சேரும் வாதம் அவ்வளவு பழையது அன்று என்பது இன்னொரு வேடிக்கை. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபோது அதை எதிர்த்த கிறிஸ்தவ அறிஞர்களில் பலருக்குப் பூமி மிகப் பழையது என்பதில் சிக்கலே இருக்கவில்லை. 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மீது வழக்கு நடந்து 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் வேதத்தின் பக்கம் நின்று வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, படைப்பின் ஒவ்வொரு நாளும் 24 மணி நேரமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்று கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டார். ஆறே நாள், ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டு, பாறை அடுக்குகள் எல்லாம் நோவாவின் வெள்ளம் என்ற கணக்கு பெருவாரியாகப் பரவியது 1961இல் ஜான் விட்கம் என்ற இறையியலாளரும் ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் சேர்ந்து எழுதிய ஒரு நூலுக்குப் பிறகே. பிறகு, வேதத்தின் படைப்பை அறிவியலாகவே முன்வைத்த 'படைப்பு அறிவியல்' என்பதை 1987இலும், உயிர்களை ஓர் அறிவே வடிவமைத்தது என்று வாதிடும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பதை 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கிலும் அந்நாட்டு நீதிமன்றங்கள் அரசுப் பள்ளி வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. பள்ளி வாசல் அடைபட்ட வாதம் வீட்டுக்கும் சபைக்கும் திரைக்கும் இடம்பெயர்ந்தது. இணையம் வந்ததும் அதற்குத் தமிழ்க் குரலும் கிடைத்தது. அந்த வழக்குகளைப் பற்றி ஒன்றுமே அறியாத ஒரு சபையில், அவற்றின் மிச்சச் சூடு வந்து இறங்குகிறது. 1834இல் மதுரைக்கு வந்த மிஷன் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. நான் விலங்கியல் படித்த லேடி டோக் கல்லூரியை 1948இல் தொடங்கிய கேட்டி வில்காக்ஸ் அம்மையாரும் அமெரிக்க மிஷனெரிதான். ஒரே நாட்டிலிருந்து தவளை அறுக்கும் மேசையும் வந்தது, இந்தக் காணொளிகளும் வருகின்றன.

மொழியும் தன் பங்குக்குக் குழப்புகிறது. 'மதக் கோட்பாடு' என்று சொல்லும் அதே நாவால் 'பரிணாமக் கோட்பாடு' என்றும் சொல்கிறோம். கேட்கிறவர் இரண்டும் ஒரே தரத்து நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. 'குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான்' என்று நாங்கள் ஆசிரியர்களே அவசரத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். குரங்குக்கும் மனிதனுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்று சொல்ல இன்னும் இரண்டு சொற்கள்தான் கூடுதலாகத் தேவை. அந்த இரண்டு சொற்களை மிச்சம் பிடித்ததன் வட்டியை நான் குழுவில் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இது கிறிஸ்தவர்களின் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஓர் ஆன்மிகக் குழுவில் இருக்கிறார். அங்கே யாரும் டார்வினை மறுப்பதில்லை; "இதைத்தான் நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று அவரை அணைத்தே அடக்கிவிடுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்கிய பிறகு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் காட்சி நடக்கும். மச்சம், கூர்மம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வந்து, மீன் முதலில், ஆமை அடுத்தது, ஆகவே பரிணாமம் என்று படத்தோடு பதிவிடுகிறார்கள். மதுரைக்குப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரின் 'புல்லாகிப் பூடாகிப் புழுவாய் மரமாகி' என்ற சிவபுராண வரியும் சாட்சிக்கு வரும். ஐயா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். அந்த வரி ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்ததைச் சொல்கிறது, ஓர் இனம் இன்னோர் இனமாக மாறியதைச் சொல்லவில்லை. இரண்டு வரி தள்ளிக் கல்லும் பேயும் கணங்களும் வருகின்றன, அவற்றை எந்த விலங்கியல் ஏட்டில் சேர்ப்பது என்பது அவருடைய கேள்வி. அணைப்பதும் ஒருவகை மறுப்புதான் என்று எனக்குத் தோன்றும். 2018இல் மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொன்னதில்லை, டார்வின் கொள்கை தவறு என்று நேராகவே சொன்னார். 2023இல் தேசியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள்.

முஸ்லிம் தோழி ஒருத்தி சொன்னதிலிருந்து, அவர்கள் வட்டத்தில் ஆறு நாள் கணக்கு பெரிய பூசலாக இல்லை, ஆதம் நபியின் படைப்பில்தான் வாதம் வந்து நிற்கும் என்று தெரிந்துகொண்டேன்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற ஊர் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் அந்த ஊர்க்காரர் ஒருவரின் மரபணுவில் எம் 130 என்ற அடையாளத்தைக் கண்டார்கள். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து, ஆஸ்திரேலியா வரைக்கும் போன மனிதர்கள் சுமந்து சென்ற அடையாளம் அது. அந்தப் பழைய செய்தியை யாரோ ஒருநாள் எங்கள் குழுவில் பகிர்ந்தார்கள். முந்தின வாரம் பூமிக்கு ஆறாயிரம் வயது என்று அடித்துப் பேசிய அதே மூப்பர், "உலகத்துக்கே மூத்த குடி நம்ம உசிலம்பட்டிப் பக்கம்!" என்று நெருப்புப் படங்களோடு அதை வரவேற்றார். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க அவருக்கு அவசியம் நேரவில்லை. கீழடிச் செய்தி வந்தாலும் இதுவே நடக்கும். மரபணுவும் கரிமக் காலக்கணிப்பும் நம் குடியின் பெருமையைச் சொல்லும்போது இனிக்கின்றன. வேத வாசிப்பைத் தொடும்போது மட்டும் கசக்கின்றன.

இந்த வாதம் ஓயாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சொன்னால் எங்கள் சபையில் சிலருக்குப் பிடிக்காது. இந்த வாதத்தில் யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. டார்வின் சரி என்றாலும் தவறு என்றாலும் திங்கட்கிழமை காலை எவரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. 'எல்லாரும் ஆதாமின் பிள்ளைகள் என்றால் வரன் தேடும்போது சாதி எதற்கு?' என்று நான் ஒருமுறை எழுதினேன். மூன்று நாள் குழுவில் ஒரு 'காலை வணக்கம்' கூட வரவில்லை. நான்காம் நாள் டார்வின் காணொளி ஒன்று வந்தது. எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

வகுப்பில் இவ்வளவு சூடு கிடையாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடத்துக்கு வரும்போது, பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்து, எதிரில் இருப்பவரின் கண்ணில் மூக்கை ஒட்டிய மூலையைப் பார்க்கச் சொல்வேன். அங்கே இளஞ்சிவப்பாகச் சிறு மடிப்பு ஒன்று தெரியும். பறவைகளுக்கு அது கண்ணை மூடித் திறக்கும் மூன்றாம் இமை. நமக்கு எச்சமாக நின்றுவிட்டது. கோழி வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். சென்ற ஆண்டு, ஓய்வுநாள் பள்ளிக்கும் வருகிற ஒரு பையன், அடுத்தவன் கண்ணை விட்டு நிமிராமலேயே, "டீச்சர், கடவுள் கோழிக்கும் நமக்கும் ஒரே அச்சுல வார்த்தாரா?" என்று கேட்டான். அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசுவோம் என்றேன். பேசினோம், ஒரு மணி நேரத்துக்கு மேலேயே. யாரும் யாரையும் குழுவை விட்டு நீக்கவில்லை.

போன மாதம் இரவு பத்து மணிக்கு அந்த மூப்பர் அழைத்தார். மறுபடியும் காணொளிச் சண்டைதான் என்று நினைத்து எடுத்தேன். "டீச்சரம்மா, பேரன் நீட் எழுதுறான். பரிணாமத்துலருந்து எத்தனை கேள்வி வரும்? உங்க குறிப்பு இருந்தா கொஞ்சம் அனுப்புங்களேன்" என்றார். அனுப்பினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் புதிய காணொளி ஒன்று குழுவில் காத்திருந்தது, அவரிடமிருந்துதான்.