கோடாலிக்கு ஓய்வு கொடுங்கள், அரிவாளுக்கு வேண்டாம்

கேள்வி: சாயல்குடிப் பக்கம் கடலோரக் கிராமம். முப்பது வருசமா சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டத்துக்குக் கட்டை கொடுக்கிறேன். வெட்டருவா, கோடாலி, கவைக்கம்பு, இவ்வளவுதான் சாமான். இப்போ தோள்பட்டை கேட்க மாட்டேங்குது. 58 சிசி, 22 அங்குல பார் போட்ட மெஷின் வாள் வாங்கலாம்னு மகன் சொல்றான். பழகின சாமானை விட மனசு வரலை. என்ன செய்யட்டும்?

பதில்: மெஷின் வாங்குங்கள் ஐயா, தோளைக் கெடுத்துக்கொண்டு கோடாலி பிடிக்க வேண்டாம். ஆனால் மகன் சொல்லும் அளவு வேண்டாம். அரிவாளையும் கவைக்கம்பையும் பரணில் போட்டுவிடவும் வேண்டாம். மெஷின் செய்வது கோடாலியின் வேலையை மட்டும்தான். கட்டைவிரல் பருமனுள்ள முள்விளாரில் செயினை வைத்தால் அது அறுபடாது; செயினில் மாட்டி இழுபட்டு முகத்தில் அடிக்கும். ஆகவே முதலில் தூரைச் சுற்றியுள்ள முள்ளை அரிவாளால் கழித்து, கவையால் தள்ளி, கால் ஊன்றி நிற்கவும் பின்வாங்கவும் இடம் பண்ணுங்கள். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ளதை மட்டும் மெஷினுக்கு விடுங்கள்.

22 அங்குலம் ஏன் வேண்டாம்? கருவேலம் ஒற்றை மரமாக நிற்பதில்லை, ஒரே தூரில் நாலைந்து தண்டு நெருங்கி நிற்கும். முன்தண்டை அறுக்கும்போது நீண்ட பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டின், மூக்கு பின்தண்டில் இடிக்கும். மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்குமுன் மேலே எகிறி முகத்துக்கோ தோளுக்கோ வரும். பெரிய விபத்துகளுக்கு இதுவே முக்கியக் காரணம். உங்கள் கட்டைக்கு 45 சிசி, 16 அங்குல பார் தாராளம், எடையும் குறையும். இப்படி எகிறும்போது செயினைச் சட்டென்று நிறுத்துவது செயின் பிரேக்; அது இல்லாத மெஷினைத் தொடவே தொடாதீர்கள். இடது கைப் பெருவிரல் முன்பிடியைச் சுற்றி வளைத்திருக்கட்டும். தோள் உயரத்துக்கு மேல் அறுக்க வேண்டாம்.

உங்கள் மண்ணில் செயினுக்கு முதல் எதிரி மணல். கோடாலியில் தரையொட்டி வெட்டிய கை, மெஷினையும் அங்கேதான் கொண்டுபோகும். செயின் ஒரு தடவை மணலைத் தொட்டால் போதும், கூர் போய்விடும். ஒரு சாண் உயரம் விட்டு அறுங்கள். அடிப்பட்டையில் மணல் ஒட்டியிருந்தால் அரிவாளால் செதுக்கிவிட்டு அறுங்கள். அடுத்த வெட்டுக்குத் தழைய வேண்டுமென்றால் அந்த அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். தூரோடு ஒழிக்க வேண்டுமென்றால் அது கடப்பாரை வேலை.

வளைந்த தண்டில் பார் மாட்டிக்கொள்வது அடுத்த தொல்லை. இரண்டு முனையும் தரையில் ஊன்றி நடு தூக்கி நின்றால் மேல்பக்கம் விரிந்து இழுபடும், அடிப்பக்கம் நெருக்குண்டிருக்கும். நடு தொய்ந்து கிடந்தால் நேர்மாறு. எப்போதும் நெருக்குண்ட பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடியுங்கள். மாறிச் செய்தால் பார் சிக்கும், இல்லையேல் தண்டு பிளந்து தெறிக்கும்.

இது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றுகிற மாதிரி வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் அன்றே பிடித்துவிடும். மெஷினில் கலவை அளவு 50:1 என்று போட்டிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில், 25:1 என்றால் 40 மில்லி. கலந்ததை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் கடற்காற்றின் ஈரத்தை இழுக்கும். செயின் ஆயில் தனி. பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது அதுவும் ஏறக்குறையத் தீர வேண்டும். அப்படியே நின்றால் ஆயில் துவாரம் அடைத்திருக்கிறது, பாரைக் கழற்றித் துவாரத்தையும் பள்ளத்தையும் சுத்தம் செய்யுங்கள்.

இனி கூர். அரிவாளைத் தீட்டத் தெரிந்தவருக்கு இது சீக்கிரம் கைவரும். சீவல் சீவலாக விழாமல் மாவு மாதிரி தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது. அமுக்கி அறுக்காதீர்கள், அரத்தை எடுங்கள். அரத்தின் அளவு செயினின் பிட்சை, அதாவது கண்ணி இடைவெளியைப் பொறுத்தது: 0.325 அங்குலச் செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 அங்குல லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மி.மீ. பல்லின் உள்ளிருந்து வெளியே, 30 பாகை சாய்வில், ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படக்கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டோ மூன்றோ தள்ளல், எண்ணிக்கை மாறக்கூடாது. ஒரு பக்கப் பற்கள் குட்டையானால் வாள் கோணலாகப் போகும். பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் தீட்டிவிட்டால் வேலை சுளுவாகும். பச்சையாக இருக்கும்போதே அறுங்கள், காய்ந்த கருவேலம் பல்லைத் தின்னும்.

புதுச் செயின் நீளும். நாலைந்து வெட்டுக்குப் பிறகு நிறுத்தி, ஆறவிட்டு, தளர்ச்சியை எடுங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால் வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள், ஆறும்போது சுருங்கும். சாயங்காலம் ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்து, உப்புக்காற்றுக்குத் துரு ஏறாமல் செயினில் எண்ணெய் தடவி வையுங்கள்.

கைலியும் தோளில் துண்டுமாக மெஷின் பக்கம் போகக்கூடாது. தடித்த பேண்ட், ஷூ, கண்ணாடி, காதடைப்பு அவசியம். விரல் மரத்துப்போனால் நிறுத்துங்கள். ஒரு பழைய பழக்கத்தை மட்டும் கட்டாயம் விட வேண்டும். கோடாலி வேலையில் ஒருவர் கவையால் முள்ளைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் வெட்டுவீர்கள். மெஷின் ஓடும்போது கவைக்கம்புக்காரர் மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். முள்ளைத் தள்ள அவர் கிட்டே வருகிறார் என்றால், அதற்கு முன்பே எஞ்சின் நின்றிருக்க வேண்டும்.