டெர்மினேஷனுக்குப் பயப்படாதீர்கள், ராஜினாமாவுக்குப் பயப்படுங்கள்

கேள்வி: வணக்கம் சார். நான் மனிதவள மேலாண்மை டிப்ளமோ படிக்கிறேன், அடுத்த மாதம் தொழிலாளர் சட்டத் தாள் இருக்கிறது. என் கணவர் ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் 6 வருஷம் 8 மாதமாக நிரந்தர வேலையில் இருக்கிறார். கம்பெனியில் மொத்தம் 180 பேர். அவருக்குச் சம்பளம் 38,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 15,000. போன வாரம் ஹெச்.ஆர். கூப்பிட்டு, ஆர்டர் குறைந்துவிட்டதால் உங்களை லே-ஆஃப் செய்கிறோம், ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாத பேசிக் 30,000 தருகிறோம், இல்லாவிட்டால் டெர்மினேட் செய்துவிடுவோம், அப்புறம் வேறு எங்கேயும் வேலை கிடைக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வரை டைம். என் நோட்ஸில் லே-ஆஃப் என்றால் தற்காலிகம், பாதிச் சம்பளம் உண்டு என்று இருக்கிறது. இவர் நிலைமை லே-ஆஃபா, ரிட்ரெஞ்ச்மென்ட்டா, டிஸ்சார்ஜா, வி.ஆர்.எஸ்ஸா? அவர் பதவிப் பெயர் ‘சீனியர் எக்ஸிகியூட்டிவ்’ என்பதால் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்றும் சொல்கிறார்கள்.

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. வெள்ளிக்கிழமை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மீதியைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் நோட்ஸ் சரி. ஹெச்.ஆர். சொன்னதுதான் தப்பு. சட்டப்படி லே-ஆஃப் என்பது, மூலப்பொருள் வராமலோ, கரண்ட் இல்லாமலோ, சரக்கு தேங்கிப்போயோ, மெஷின் பழுதாகியோ முதலாளியால் வேலை கொடுக்க முடியாத நிலை. ஆள் வேலையில்தான் இருக்கிறார், மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் இருக்கிறது, வழக்கமான நேரத்துக்கு கேட்டுக்கு வந்து ஆஜராகிறார், அன்றைக்கு வேலை மட்டும் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்கு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்ததில் பாதி கொடுக்க வேண்டும். உங்கள் கணவரிடம் கேட்பது ஐ.டி. கார்டையும் ராஜினாமாக் கடிதத்தையும். திரும்பி வா என்ற பேச்சே அங்கே இல்லை. அமெரிக்கக் கம்பெனிகள் ஆட்களை அனுப்புவதை லே-ஆஃப் என்று செய்தியில் போட்டுப் போட்டு நம் ஊர் ஹெச்.ஆர்.களுக்கும் அதுவே பழகிவிட்டது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், கடிதத்தில் வரும்போதுதான் ஆபத்து.

அவருக்கு நடப்பது ஆட்குறைப்பு, அதாவது உங்கள் நோட்ஸில் இருக்கும் ரிட்ரெஞ்ச்மென்ட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்டனையாக இல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி வேலையை முடித்தால் அது ஆட்குறைப்புதான் என்று 1947 தொழில் தகராறு சட்டம் சொன்னது, அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020 தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. ‘எந்தக் காரணத்துக்காகவும்’ என்பதை எவ்வளவு விரிவாக எடுத்துக்கொள்வது என்று 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது, பாரத ஸ்டேட் வங்கிக்கும் சுந்தர மணி என்ற தற்காலிகக் காசாளருக்கும். குறிப்பிட்ட தேதியில் வேலை தானாக முடியும் என்று நியமனக் கடிதத்திலேயே எழுதிவிட்டோம், நாங்கள் யாரையும் நீக்கவில்லை என்றது வங்கி. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. எப்படி முடிந்தாலும் முடிவு முடிவுதான், ஆட்குறைப்புதான் என்றார். பின்னால் 1984-இல் ஒப்பந்தக் காலம் முடிந்து போகிறவர்களைச் சட்டத் திருத்தம் கொண்டுவந்து இதிலிருந்து விலக்கினார்கள், ஆனால் உங்கள் கணவர் போன்ற நிரந்தர ஆட்களுக்கு அந்த விரிந்த பொருள் அப்படியே நிற்கிறது, 1990-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது.

இதனால்தான் ‘டிஸ்சார்ஜ்’, அதாவது பணியிலிருந்து விடுவிப்பு, என்று அவர்கள் தலைப்புப் போட்டாலும் கவலைப்பட வேண்டாம் என்கிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து யார் வேண்டுமானாலும் விலகலாம் என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருக்கும், அதைக் காட்டுவார்கள். தண்டனை இல்லாத டிஸ்சார்ஜ் எல்லாம் ஆட்குறைப்புக்குள்ளேயே வந்துவிடும். டிஸ்மிஸல் வேறு, அது தண்டனை, அதற்குச் சார்ஜ் மெமோ என்ற குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்து, உள்விசாரணை நடத்தி, இவர் தரப்பைக் கேட்டு, அப்புறம்தான் உத்தரவு போட முடியும், இவர் மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லையே. வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, என்பது எல்லோருக்கும் ஒரு திட்டமாக அறிவித்து, விரும்புகிறவர் தானாக விண்ணப்பிப்பது. ஒருவரை மட்டும் அறைக்குள் கூப்பிட்டு வெள்ளிக்கிழமை கெடு வைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

ராஜினாமாதான் பிரச்சினை. இவ்வளவு பாதுகாப்பும் முதலாளி வேலையை முடித்தால்தான். இவரே எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரே தாளில் எல்லாம் போய்விடும், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பும் இவர் தலையில் விழும். டெர்மினேட் செய்துவிடுவோம் என்று அவர்கள் பயமுறுத்துகிறார்களே, அந்த டெர்மினேஷன் கடிதம்தான் உங்கள் கணவருக்கு வேண்டிய ஆவணம். அது வந்தால் ஆட்குறைப்பு நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கம்பெனிக்கும் இது தெரியும், அதனால்தான் 30,000 கொடுத்தாவது ராஜினாமா வாங்கப் பார்க்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் மிச்சத்தையும் ஒரு வருஷமாக எடுக்க வேண்டும், ஆக 6 வருஷம் 8 மாதம் என்பது 7 வருஷம். 7 பதினைந்து 105 நாள், மூன்றரை மாதம். அடுத்து, எந்தத் தொகையை வைத்துப் பெருக்குவது? ஹெச்.ஆர். 15,000 என்பார். புதிய சட்டங்களில் சம்பளம் என்பதற்கான விளக்கமே மாறிவிட்டது, அலவன்ஸ் எல்லாம் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியைச் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 38,000-இல் பாதி 19,000. அதை வைத்துப் போட்டால் நஷ்டஈடு 66,500, நோட்டீஸ் சம்பளம் 19,000. அதற்கு மேல் ஆட்குறைப்பு செய்யப்பட்ட ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளம், வேலை போனவர் புதுத் திறன் கற்பதற்கென்று முதலாளி பணம் போடும் மறுதிறன் நிதி வழியாக அவர் வங்கிக் கணக்குக்கு 45 நாளில் வர வேண்டும் என்று புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள், அது 9,500. மூன்றும் சேர்ந்து 95,000.

இது தவிர கிராஜுவிட்டி. ஐந்து வருஷம் தாண்டிவிட்டதால் ராஜினாமா செய்தாலும்கூட அது அவருடையது, ஆகவே 30,000-க்குள் கிராஜுவிட்டியும் அடக்கம் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். 19,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆலும் 7-ஆலும் பெருக்கினால் சுமார் 76,700 வரும். வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பாக்கிச் சம்பளமும் விடுப்புக் காசும் தனி, பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளில் முடிக்கச் சொல்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு.

ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல முடியவில்லை. பழைய சட்டத்தில் 100 பேர் இருக்கும் தொழிற்சாலையே ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததில் அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது. 180 பேர் இருக்கும் கம்பெனி பழைய சட்டத்தில் அனுமதிக்குக் காத்திருந்திருக்கும், இப்போது நோட்டீஸும் நஷ்டஈடும் கொடுத்தால் போதும். இது தொழிலாளிக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்றுதான் நான் நினைக்கிறேன், நடுத்தரத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற எத்தனையோ பேர் ஒரே நாளில் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விட்டார்கள். உங்கள் தேர்வுக்கும் இது முக்கியம், கடையில் கிடைக்கும் கைடுகளில் இன்னும் 100 என்றும், ஆட்குறைப்பு நிபந்தனைகளுக்குப் பழைய சட்டத்தின் பிரிவு 25-எஃப் என்றும்தான் இருக்கும். 25-எஃப் நிபந்தனைகள் இப்போது தொழில் உறவுகள் தொகுப்பில் 70-ஆம் பிரிவு, ஆட்குறைப்பின் விளக்கம் 2-ஆம் பிரிவில். பாடத்திட்டம் பழைய சட்டத்தைக் கேட்கிறதா புதியதையா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு, விடையில் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

சரி, ‘எக்ஸிகியூட்டிவ்’ விஷயம். இதுதான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல ஆயுதம், அதனால் கவனமாகக் கேளுங்கள். பதவிப் பெயரை வைத்துத் தொழிலாளியா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது, அவர் பிரதானமாகச் செய்யும் வேலை என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நிர்வாக வேலை என்றால் சட்டம் பொருந்தாது. மேற்பார்வை வேலை என்றால், சம்பளம் 18,000-க்கு மேல் போனால் பொருந்தாது. தொழில்நுட்ப வேலை என்றால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அவர் தொழிலாளிதான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது பாருங்கள், நாம் நஷ்டஈட்டுக்காக 19,000 என்று கணக்குப் போடுகிறோம், அவரை மேற்பார்வையாளர் என்று காட்டிவிட்டால் அதே 19,000 அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். ஆகவே அவர் வேலை தொழில்நுட்ப வேலை என்பதை இப்போதே நிலைநிறுத்த வேண்டும். காலிப்பர், கேஜ் வைத்து அளந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறாரா, ஷிஃப்ட் போகிறாரா, ஓ.டி. வாங்கியிருக்கிறாரா? கீழே இருப்பவர்களுக்கு லீவு கொடுக்கவோ, மெமோ கொடுக்கவோ, அப்ரைசல் போடவோ அவருக்கு அதிகாரம் உண்டா? முதல் மூன்றுக்கு ஆமாம், பின்னதற்கு இல்லை என்றால் எக்ஸிகியூட்டிவ் என்ற பட்டம் வெறும் பேட்ஜ்தான். ஷிஃப்ட் அட்டவணை, சம்பளச் சீட்டு, அப்ரைசல் தாள் என்று தன் பெயரில் தனக்குக் கொடுத்தவற்றை மட்டும் வீட்டில் எடுத்து வைக்கட்டும். கம்பெனியின் டிராயிங், கஸ்டமர் டேட்டா எதையும் தொட வேண்டாம், அதை வைத்தே ஒரு சார்ஜ் மெமோ தயாரித்துவிடுவார்கள்.

இன்று இரவே அவருடைய மெயிலிலிருந்து ஹெச்.ஆர்.க்கு நாலு வரி போகட்டும்: இந்தத் தேதியில் என்னைக் கூப்பிட்டு, ஆர்டர் குறைவு என்று சொல்லி ராஜினாமா கேட்டீர்கள், எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், நிர்வாகத்தின் முடிவு எதுவானாலும் எழுத்தில் தெரிவியுங்கள். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு வேண்டாம். நாளைக்கு மறுபடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால்கூட, இந்த மெயில் முந்தின நாளே போயிருக்கிறது என்பது பெரிய பலம். அப்படி வாங்கினால் அன்றைக்கே வாபஸ் மெயில் அனுப்புங்கள், ராஜினாமாவை ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவரும் முன் திரும்பப் பெறலாம். கேட்டில் உள்ளே விடவில்லை என்றால் அதையும் அன்றன்றைக்கு மெயிலில் பதிவு செய்யுங்கள், ஒரு நாள் போகாமல் வீட்டில் இருந்தாலும் தானாக வேலையைவிட்டு நின்றுவிட்டார் என்பார்கள்.

அவருக்குப் பின்னால் அதே பிரிவில் சேர்ந்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரே வகை வேலையில் கடைசியாக வந்தவர்தான் முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் அந்த இடத்துக்குப் புது ஆள் எடுத்தால் இவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.

கடிதம் வந்து பணம் ஒழுங்காக வரவில்லை என்றால், தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. இதற்கு யூனியன் வேண்டும் என்ற அவசியம் இல்லை, வேலை போன விவகாரத்தைத் தனி ஆளாகவே கொண்டுபோகலாம். அங்கே 45 நாளில் தீராவிட்டால், சமரச அதிகாரியின் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு இந்த மாதிரி வழக்குக்கு மூன்று வருஷம் அவகாசம் இருந்தது, இப்போது இரண்டு வருஷத்துக்குள் சமரசத்துக்கே வந்திருக்க வேண்டும், அதனால் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று இதை ஆறப்போடாதீர்கள். வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்டால், நோட்டீஸும் நஷ்டஈடும் கொடுக்காத ஆட்குறைப்பு செல்லாது என்பது நிலைத்த சட்டம், ஆனாலும் இந்நாளில் பல வழக்குகளில் கோர்ட் வேலைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுக்கச் சொல்கிறது. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆகவே பேசி முடிக்கலாம் என்று அவர்கள் இறங்கி வந்தால் மறுக்க வேண்டாம். ஆனால் 95,000-க்கும் கிராஜுவிட்டிக்கும் கீழே இறங்காதீர்கள், சர்வீஸ் சர்டிஃபிகேட்டில் காரணம் ‘ஆட்குறைப்பு’ என்று இருக்கட்டும், அடுத்த கம்பெனிக்காரர் கேட்டால் ஆர்டர் இல்லாமல் ஆள் குறைத்தார்கள் என்பதில் எந்தக் களங்கமும் இல்லை. முடிந்தால் அந்த ஒப்பந்தத்தைச் சமரச அதிகாரி முன் கையெழுத்திடுங்கள். அப்படி இல்லாமல் அவர்களாகவே குறைவான தொகையைக் கணக்கில் போட்டுவிட்டு ஃபைனல் செட்டில்மென்ட் தாளை நீட்டினால், கையெழுத்துக்கு மேலே அவர் கைப்பட ‘தொகை குறைவு, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதி, தேதி போட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். எழுத விடவில்லை என்றால் தாளை அங்கேயே வைத்துவிட்டு வந்து, நடந்ததை மெயிலில் எழுதட்டும்.