ரைஃபிள் சிக்குமா, சிக்காதா? ஆர்மரர் பதில்கள்

ராணுவத்துல ஆர்மரரா, அதாவது துப்பாக்கி பழுது பாக்குறவரா இருந்து ரிட்டயர் ஆகி, இப்ப மன்னார்குடி பக்கம் வயல பாத்துக்கிட்டிருக்க நம்ம சார், வாசகர்களோட துப்பாக்கிக் கேள்விங்களுக்கு இந்த வாரம் பதில் சொல்றார்.

கேள்வி: சார் வணக்கம். என் பையன் டெக்சாஸ்ல சாஃப்ட்வேர் வேலைல இருக்கான், எச்-1பி விசா. கூட வேலை பாக்குறவங்களோட ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ப் பழகிட்டு, இப்ப காட்டுப்பன்னி வேட்டைக்கு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கியே தீருவேன்னு நிக்கிறான். ஏஆர்-15 மாதிரியே ஒரு புது கம்பெனி மாடலாம், விலை கம்மி. அதப்பத்தி பாதி பேரு பிரமாதம்ங்கிறாங்களாம், பாதி பேரு அடிக்கடி சிக்கிக்குதுங்கிறாங்களாம். அவங்க அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்ல. எனக்குத் துப்பாக்கின்னா திருவிழாவுல பலூன் சுட்டதோட சரி. எத நம்பறது, வாங்கலாமா வேணாமா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: வணக்கம் அண்ணே. ரைஃபிள் சிக்குறது இருக்கட்டும், மொதல்ல பையன் சிக்கிடப் போறான். எச்-1பி மாதிரி தற்காலிக விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சுக்கக் கூடாதுங்கிறதுதான் அமெரிக்க மத்திய சட்டத்தோட பொது விதி, கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தடை இல்ல. விதிவிலக்கு ஒண்ணு ரெண்டு உண்டு, அதுல முக்கியமானது, அங்க ஒரு மாநிலம் குடுத்த செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் கைல இருக்கணும். இங்கதான் பசங்க கோட்டை விடுறாங்க. டெக்சாஸ்ல தனியார் நிலத்துல ஓனர் சம்மதத்தோட காட்டுப்பன்னி சுட 2019லேர்ந்து வேட்டை லைசென்ஸே வேணாம்னு ஆக்கிட்டாங்க, அப்புறம் எதுக்கு தெண்டமா லைசென்ஸ்னு இவன் எடுக்காம விட்டான்னு வைங்க, பன்னிக்கு வேணாம் சரி, விசாக்காரனுக்கு வேணுமே, அந்தக் காகிதம் இல்லாம வச்சிருந்தாலே மத்திய குற்றம், வேலை, விசா எல்லாத்துக்கும் ஆபத்து. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துச் சுடுறதுக்கும் இதே விதிதான், இத்தன நாளு எந்தக் காகிதத்த வச்சுச் சுட்டான்னும் கேளுங்க. கடைல வாங்கும்போது 4473ன்னு ஒரு ஃபாரம் வரும், அதுல குடியுரிமை விசா நிலவரமெல்லாம் கேப்பாங்க, பொய்யா எழுதுனா அது தனிக் கேஸு. அங்க உள்ள வக்கீல்ட்ட காசு குடுத்து ஒருதடவ உக்காந்து பேசிட்டு வரச் சொல்லுங்க, ரைஃபிள் விலையோட பாத்தா அது பெரிய செலவில்ல.

சரி, காகிதம் சுத்தம்னே வச்சுக்குவோம். இப்ப புகாருக்கு வர்றேன்.

புகார எண்ணிப் பாக்காதீங்க, பிரிச்சுப் பாருங்க. எத்தன பேரு திட்டுறாங்கங்கிறதுல ஒண்ணுமில்ல, அதிகமா வித்த ரைஃபிளுக்கு அதிகமாத்தான் திட்டு விழும். நான் ரெண்டே கூறாத்தான் போடுவேன். சுட வேண்டிய நேரத்துல சுடலங்கிற புகார் ஒரு பக்கம். சுடக்கூடாத நேரத்துல சுட்டுருச்சுங்கிற புகார் இன்னொரு பக்கம். மொத கூறுல நூறு புகார் இருந்தாலும் உக்காந்து படிப்பேன், காரணம் தேடுவேன். ரெண்டாவது கூறுல நம்புற மாதிரி ஒரு புகார் இருந்து, கம்பெனி அத சரிபண்ணலன்னா, சும்மா குடுத்தாலும் வேணாம்.

ரெண்டாவது கூறு கற்பனை இல்ல. ரெமிங்டன் 700னு ஒரு பேர் போன வேட்டை ரைஃபிள், டிரிக்கர ஒவ்வொரு தடவ அழுத்துனதும் அடுத்த தோட்டா தானா ஏறுற செமி ஆட்டோ கிடையாது, தோட்டாவ அடைச்சு மூடுற போல்ட்ட கையால இழுத்துத் தள்ளுற போல்ட் ஆக்‌ஷன்தான், அதுக்கே டிரிக்கர அழுத்தாம சுட்டுடலாம்ங்கிற காரணத்துனால கம்பெனியே 2014ல லட்சக்கணக்குல திருப்பி வாங்கி சரி பண்ண வேண்டி வந்துச்சு. எஸ்கேஎஸ்னு பழைய ராணுவ செமி ஆட்டோ ரைஃபிள் ஒண்ணு அங்க நிறைய ஓடுது, அதுல பெரும்பாலானதுல, தோட்டாவத் தட்டி வெடிக்க வைக்கிற ஃபயரிங் பின்ன பின்னால இழுத்துப் புடிக்க ஸ்பிரிங் கிடையாது, கோடவுன்ல பல வருஷம் கெட்டி கிரீஸ்ல ஊறி வந்தத ஒழுங்கா கழுவாம வுட்டா பின் முன்னாடியே ஒட்டி நின்னுக்கும், போல்ட் மூடுனதுமே சுட்டுரும், சில சமயம் தோட்டா அடுக்கி வைக்கிற மேகசின் காலியாகுற வரைக்கும் நிக்காது. அதனால பையன்ட்ட சொல்லுங்க, வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு ரீகால், அதாவது கம்பெனி திருப்பி வாங்குற அறிவிப்பு இருக்கா, இவன் வாங்கப்போற சீரியல் நம்பர் அதுக்குள்ள வருதான்னு கம்பெனிகிட்டயே கேட்டுக்கணும்.

இப்ப மொத கூறு, அதான் சிக்குற விஷயம். வயல்ல மோட்டார் தண்ணி இழுக்கலன்னா மோட்டார் கம்பெனியத்தான் திட்டுவோம், எறங்கிப் பாத்தா ஃபுட் வால்வு லீக்கா இருக்கும். செமி ஆட்டோல அந்த ஃபுட் வால்வு மேகசின்தான். ஒவ்வொரு தோட்டாவையும் சரியான கோணத்துல தூக்கிக் குடுக்குறது அதோட மேல் விளிம்பு, அதத்தான் உதடும்பாங்க, அது துளி நெளிஞ்சாலோ உள்ள ஸ்பிரிங் தளந்தாலோ எவ்வளவு விலை ரைஃபிளா இருந்தாலும் மாட்டிக்கும். அவன் மூணு நாலு மேகசின் நல்ல கம்பெனிதா வாங்கி ஒவ்வொண்ணுலயும் பெயின்ட்டால நம்பர் போடட்டும். சிக்குறதெல்லாம் ரெண்டாம் நம்பர்லயே சிக்குதுன்னா ரைஃபிள் நிரபராதி, அந்த மேகசின தூக்கிப் போட்டுட வேண்டியதுதான். இந்த சின்ன வேலைய செய்யாம புகார் எழுதுறவங்கதான் ஏராளம்.

அடுத்தது தோட்டா. இதுக்கு வியட்நாம் கதைய விட நல்ல உதாரணம் கிடையாது. 1960கள்ல அமெரிக்க சிப்பாய்ங்க கைல எம்16 குடுத்தாங்க, சண்டைக்கு நடுவுல சிக்கி சிக்கி ஆளுங்க செத்தாங்க, 1967ல அவங்க பார்லிமென்ட் கமிட்டியே போட்டு விசாரிச்சாங்க. பாத்தா, ரைஃபிள சோதிச்சப்ப இருந்த வெடிமருந்து வேற, போர்க்களத்துக்கு அனுப்புன தோட்டால இருந்த மருந்து வேற, அதுல அழுக்கும் கூட, ரைஃபிள் சுடுற வேகமும் கூட. தோட்டா உக்காருற சேம்பருக்கு குரோம் பூச்சு குடுக்கல, அந்த மழைக்காட்டு ஈரத்துல அரிச்சு சொரசொரப்பாகி, சுட்ட தோட்டாவோட வெத்துக் கூடு, அதான் கேஸ், உள்ளயே புடிச்சுக்கிச்சு. இதுக்கு மேல, இத அவ்வளவா தொடைக்க வேண்டியதில்லன்னு ஒரு பேச்சு வேற, கிளீனிங் கிட்டும் எல்லாருக்கும் போய்ச் சேரல. சேம்பருக்கு குரோம் குடுத்து, மருந்து வெடிப்புக்கு ஏத்த மாதிரி, போல்ட் பின்னாடி வர்ற வேகத்தத் தாங்குற பஃபர மாத்தி, ஒழுங்கா தொடைக்கவும் சொல்லிக்குடுத்ததும் அதே குடும்பத்து ரைஃபிள் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. பையன் பாக்குற ஏஆர்-15ம் அந்தக் குடும்பம்தான்.

அதனால புகார் படிக்கும்போது என்ன தோட்டா போட்டான், எத்தன ரவுண்டு கழிச்சு, எண்ணெய் போட்டானான்னு தேடணும். விலை கம்மின்னு இரும்பு கேஸ் தோட்டாவா போட்டுச் சுட்டுட்டு அந்தக் கூட்ட வெளிய இழுக்குற எக்ஸ்ட்ராக்டர் உடைஞ்சுச்சுன்னா அத ரைஃபிள் கணக்குல எழுத முடியாது. பித்தளை கேஸ்லயும் நல்ல மேகசின்லயும் வேற வேற ஆளுங்களுக்கு ஒரே எடத்துல ஒரே மாதிரி சிக்குதுன்னா அப்ப சொல்லலாம் கோளாறு டிசைன்ல இருக்குன்னு.

இன்னொண்ணு, குழல்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்காம தோட்டா வாங்கக் கூடாது. .223ம் 5.56ம்னு ரெண்டு தோட்டா அளவு, பாக்க ரெட்டைப் புள்ள மாதிரி இருக்கும், 5.56னு போட்ட குழல்ல .223 போடலாம், ஆனா .223னு மட்டும் போட்ட குழல்ல 5.56 போட்டா பிரஷர் ஏறும், அது சிக்குறதோட நிக்காது.

கடைலயே பாக்கக் கூடியது ஒண்ணு சொல்றேன். ஏஆர் மாதிரி ரைஃபிள்ல போல்ட்டத் தாங்குற போல்ட் கேரியர் மேல, சுடும்போது வர்ற வாயுவ வாங்குற கேஸ் கீன்னு ஒரு சின்ன குழாய ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பாங்க, அந்த ஸ்க்ரூ கழண்டுக்காம இருக்க சுத்தி இருக்க இரும்ப அடிச்சு நெருக்கி வச்சிருக்கணும். விலை கம்மி மாடல்ல சில கம்பெனி இத ஒப்புக்குத் தட்டிட்டு விட்டுடும், ஸ்க்ரூ தளந்தா வாயு கசியும், போல்ட் முழுசா பின்னாடி போகாது, அடுத்த தோட்டா ஏறாது. இத கடைக்காரன் கழட்டிக் காட்ட மாட்டேன்னா வேற கடை பாத்துக்கலாம்.

என்னோட அபிப்பிராயம் கேட்டா, புது மாடல மொத வருஷத்துல வாங்கவே வேணாம். வந்து ரெண்டு மூணு வருஷம் ஆகி, அதுல எது உடையும்னு ஊருக்கே தெரிஞ்சு, அந்த பார்ட்டும் கடைக்குக் கடை கிடைக்குதுன்னா அதுதான் நல்ல ரைஃபிள். என்ன உடையும்னு யாருக்கும் தெரியாத ரைஃபிள்தான் எனக்குப் பயம். வாங்குனதும், வேட்டைக்கு எந்தத் தோட்டா கொண்டுபோகப் போறானோ அதே தோட்டாவ வாங்கி ரேஞ்சுல ரெண்டு மூணு நூறு ரவுண்டு சுட்டுப் பாக்கட்டும், அதுக்கு முன்னாடி பன்னிக்கூட்டத்துக்கு முன்னால போய் நிக்க வேணாம்.

அண்ணிகிட்ட சொல்லுங்க, வீட்டுல துப்பாக்கி ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுலன்னு வச்சா பாதி பயம் போயிடும். அவன் ஊருக்கே திரும்பி வந்துடுறேன்னு சொன்னாலும் அந்த ரைஃபிள கூட்டிக்கிட்டு வர முடியாது, அது ஏன்னு கீழ பட்டுக்கோட்டைக்காரருக்கு சொல்லியிருக்கேன்.

கேள்வி: தாத்தா, நம்ம ராணுவத்தோட இன்சாஸ் ரைஃபிள் நிஜமாவே மோசமா? திருச்சி ஃபேக்டரிலயும் ரைஃபிள் பண்றாங்களாமே?
(தஞ்சாவூர் கல்லூரி மாணவர்)

பதில்: மோசம்னு ஒரே வார்த்தைல முடிக்காதீங்க தம்பி. 1999 கார்கில்ல அந்தக் குளிர்ல பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, ரைஃபிள் சிக்குனது, சுடும்போது முகத்துல எண்ணெய் தெறிச்சது எல்லாம் வந்த புகார்தான், 2005ல நேபாள ராணுவமும் குறை சொல்லுச்சு. அப்புறம் சில திருத்தம் பண்ணாங்க, ஆனா ஒரு தடவ சிப்பாய் மனசுல சந்தேகம் விழுந்துட்டா அந்த ரைஃபிள் பாதி செத்த மாதிரி. எங்க காலத்துல ராணுவத்துல இருந்த எஸ்எல்ஆர் ரைஃபிள் கனம், நீளம், தோள்ல இடிக்கும், ஆனா அதுல கேஸ் ரெகுலேட்டர்னு ஒண்ணு உண்டு, அழுக்கு ஏறி போல்ட் மந்தமானா அதத் திருகி வெடிவாயுவக் கூட்டி ஓட்டிக்கலாம், குழலத் தொடைக்கிற கயிறான புல்த்ரூவ இழுத்து, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் விட மாட்டாங்க. அந்த செமி ஆட்டோமேட்டிக் இப்பவும் போலீஸ் கைல பாக்கலாம். திருச்சி நவல்பட்டுல உள்ள துப்பாக்கி ஃபேக்டரி 1966லேர்ந்து இருக்கு, டிரிச்சி அசால்ட் ரைஃபிள்னு அந்த ஊரு பேர்லயே ஒண்ணு பண்றாங்க, ஏகே குடும்பத்துச் சாயல், 7.62x39 மில்லிமீட்டர் தோட்டா. டெல்டாக்காரன் பெருமைக்கு ஒண்ணு இருக்கட்டுமே.

கேள்வி: ஐயா, கடலையையும் தென்னங்கன்னையும் பன்னி நாசம் பண்ணுது. அமெரிக்கால மாதிரி நாங்களும் ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் லைசென்ஸ் எடுத்து வாங்க முடியுமா?
(பட்டுக்கோட்டை விவசாயி)

பதில்: முடியாதுங்க. 2016 ஆயுத விதிகள்ல செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கட்டுப்படுத்துன மொத வகைல இருக்கு, கலெக்டர் ஆபீஸ்ல கையெழுத்தாகிற சமாச்சாரம் இல்ல, டெல்லி உள்துறை வரைக்கும் போகணும், பயிர் காக்கன்னு எழுதுனா மனுவ யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. 1959 ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்குன்னு பேர் சொல்லி இடம் குடுக்குறது முக்கியமா, குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு, அதுக்கும் லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் கிடைச்சாலும் பன்னிய உங்க இஷ்டத்துக்குச் சுட முடியாது, அது வனவிலங்குச் சட்டத்துக்குள்ள வருது, வனத்துறை எழுத்துல குடுக்காம தொட்டா ஜாமீனுக்கு அலைய வேண்டியதுதான். மயிலப் பத்தி கேக்கவே கேக்காதீங்க. நஷ்ட ஈட்டு மனுவப் போடுங்க, போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு.

கேள்வி: அண்ணா, அப்பா காலமாயி ஒரு வருஷம் ஆகப்போவுது. அவரோட லைசென்ஸ் ரெட்டைக்குழல் துப்பாக்கியும் ஒரு பெட்டி தோட்டாவும் பரண்ல இருக்கு. தம்பி அத எடுத்து வேலை செய்யுதான்னு சுட்டுப் பாக்கணும்ங்கிறான். சுடலாமா?
(திருவாரூர் வாசகி)

பதில்: கூடவே கூடாதும்மா, தம்பிய பரண் பக்கமே விடாதீங்க. லைசென்ஸ் அப்பா பேர்ல, அவர் போனதும் அது முடிஞ்சுபோச்சு, வாரிசுங்க தாமதிக்காம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைலயோ ஒப்படைக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, ஒரு வருஷம்ங்கிறதே ஜாஸ்தி. துப்பாக்கி வேணும்னா ஒப்படைச்சுட்டு தம்பி வாரிசு முறைல லைசென்ஸுக்கு மனு போடலாம், அதுக்கு விதிகள்ல இடமிருக்கு.

வேலை செய்யுமான்னு கேட்டா, பழைய ரெட்டைக்குழல்ல செய்யுமாங்கிறது பிரச்சனை இல்ல, தாங்குமாங்கிறதுதான். குழல் மேல பாம்புத்தோல் மாதிரி சுருள் சுருளா வரி தெரிஞ்சா அது டமாஸ்கஸ் குழல், பழைய கரிமருந்துக்கு செஞ்சது, இப்போதைய மருந்துல வெடிச்சுடலாம். சாதா இரும்புக் குழலா இருந்தாலும் பழைய துப்பாக்கி பலதுல சேம்பர் நீளம் 65 மில்லிமீட்டர்தான், அதுல 70 மில்லிமீட்டர் தோட்டா போனா சுகமா உள்ள போயிடும், சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாம பிரஷர் எகிறும். அந்தப் பெட்டித் தோட்டாவும் நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகை ஈரத்துல ஊதியிருக்கலாம், அத யாருக்கும் குடுக்காதீங்க, துப்பாக்கியோட சேத்தே ஒப்படைச்சுடுங்க. தூக்கிக்கிட்டு நேரா போகாம மொதல்ல ஸ்டேஷன்ல ஆள் போய் சொல்லிட்டு, அப்பாவோட லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் கைல எடுத்துக்கிட்டுப் போங்க. ரசீதுல துப்பாக்கி நம்பரும் தோட்டா எண்ணிக்கையும் எழுதி வாங்காம வராதீங்க.