ஹெல்மெட்டுக்குள் கலர் மாறாத கண்ணாடி

கேள்வி: எனக்கு வயது 41. மதுரையில் மெடிக்கல் ரெப். பகலெல்லாம் பைக்கில்தான் சுற்றுகிறேன். தூரப் பார்வைக்கு பவர் உண்டு. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் போட்டு ஆறு மாதம் ஆகிறது. கொடைக்கானல் போனபோது நன்றாகக் கறுத்தது. மதுரை வெயிலில் பாதிதான் கறுக்கிறது. வண்டி ஓட்டும்போது சுத்தமாகக் கறுப்பதில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். நீங்கள் சொல்லும் எல்லாமே நல்ல லென்ஸிலும் நடப்பதுதான்.

இந்த லென்ஸைக் கறுக்க வைப்பது முக்கியமாக வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். வெளிச்சம் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அந்தக் கதிர் இல்லையென்றால் சாதாரண ரக லென்ஸ் அசையாது. 1960களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் கொண்டுவந்த பழைய போட்டோகிரே கண்ணாடியில் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் இந்த வேலையைச் செய்தன. இப்போது நாம் போடும் பிளாஸ்டிக் லென்ஸில் சாய மூலக்கூறுகள் செய்கின்றன. கதிர் பட்டதும் அவை வடிவம் மாறி வெளிச்சத்தை உறிஞ்சும், கதிர் நின்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

அப்படித் திரும்புவதை வேகப்படுத்துவது சூடு. கதிர் கறுக்க வைக்கப் பார்க்கும், சூடு வெளுக்க வைக்கப் பார்க்கும். மதுரையின் சித்திரை வெயிலில் சூட்டின் கை ஓங்குகிறது, அதனால் நிறம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. கொடைக்கானலில் குளிர், 2,000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் புற ஊதாக் கதிரும் கூடுதல். அதே லென்ஸ் அங்கே கருகருவென்று ஆகிவிடும். நம் ஊர் ஆட்களுக்கு இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும், பல கடைகளில் சொல்வதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக். அது புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். கார் முன்கண்ணாடியும் அப்படித்தான். கதிர் லென்ஸுக்கு வந்து சேர்ந்தால்தானே கறுப்பதற்கு? இதற்காக முன்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். தூசியும் பூச்சியும் கண்ணில் விழுந்தால் ஆபத்து.

லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். காலை எட்டு, ஒன்பது மணி வெயிலில், சூடு ஏறுவதற்கு முன், ஒரு லென்ஸின் பாதியைக் கெட்டி அட்டையால் மறைத்து இரண்டு நிமிடம் வையுங்கள். அப்புறம் அட்டையை எடுத்துவிட்டு, கண்ணாடியை வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு போட்டதுபோல் வித்தியாசம் தெரிந்தால் லென்ஸ் வேலை செய்கிறது. தெரியவில்லையென்றால் பில்லோடு கடைக்குப் போய்க் கேளுங்கள். கடையில் ஊதா டார்ச் அடித்துக் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். ஏசி குளிரில் அந்த டார்ச்சுக்கு எல்லாம் பளிச்சென்று கறுக்கும்.

உங்கள் வேலைக்கு இந்தக் கண்ணாடி வீண் இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்து கிளினிக்குக்குள் போவதும் வருவதுமாக இருப்பவருக்கு இது வசதிதான். நிறம் இல்லாதபோதும் நல்ல லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஒன்று கவனியுங்கள். கறுப்பது அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் நடக்கும். முழுதாக வெளுக்கப் பல நிமிடம் பிடிக்கும். வெயிலிலிருந்து நேராக இருட்டான மாடிப்படியில் ஏறும்போது கொஞ்சம் நிதானமாக ஏறுங்கள்.

நீண்ட தூரம் ஓட்டும் பகல்களுக்கு, பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்று தனியாகச் செய்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. போலரைஸ்டு லென்ஸாக இருந்தால் தார் ரோட்டின் கூச்சமும் குறையும். மாலை இருட்டியதும் மறக்காமல் மாற்றிவிட வேண்டும். காருக்குள்ளும் ஓரளவு கறுக்கும் ரகம் கிடைக்கிறது, ஆனால் அதில் வீட்டுக்குள் இருக்கும்போதும் லேசான சாயம் தங்கும். இரவிலும் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் அதை நான் சொல்ல மாட்டேன்.

இந்தச் சாயத்துக்கு ஆயுளும் உண்டு. இரண்டு, மூன்று வருடத்தில் கறுப்பது குறையும், வீட்டுக்குள் லேசான மஞ்சள் தெரியலாம். நடுவில் ஒரு லென்ஸ் உடைந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியதும் பழையதும் ஒரே அளவில் கறுக்காது.