உழாத வயலுக்குச் சுண்ணாம்பு போடலாமா?

தேவிபட்டினம் பக்கம் நெல் அறுத்த தாளிலேயே உழாமல் உளுந்து விதைத்திருக்கிறீர்கள், துளிர் வெளுக்கிறது, சுண்ணாம்பு போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

சுண்ணாம்பு புளிப்பு மண்ணுக்கான மருந்து. நம் கடலோரத்தில் பல இடங்களில் மண்ணே காரம். ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், சிப்பித் துண்டுகள் கிடக்கும். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

சுண்ணாம்பு போட்டால் மண்ணின் கார அமிலநிலை (pH) கூடும். அது ஒரு எண் கூடினாலே, மண்ணின் ஈரத்தில் கரைந்து வேருக்குக் கிடைக்கும் துத்தநாகம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும். இரும்பு அதைவிட மோசம். மாங்கனீசும் போரானும் குறையும், மாலிப்டினம் மட்டும் கூடும். உழுத நிலத்தில் சுண்ணாம்பு ஆழம்வரை கலந்துவிடும். உழாத நிலத்திலோ மேல் இரண்டு அங்குலத்திலேயே தங்கும். இளம் வேர் ஓடுவதும் அங்கேதான், அதுதான் சிக்கல்.

இளந்துளிரில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புக் குறைதான். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை. மண்ணில் கொட்டினால் வீண்.

அப்புறம், அடுத்த விதைப்புக்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். களர், அதாவது சோடியம் மிகுந்த மண் என்று வந்தால் ஜிப்சம் போடலாம், அது வேறு, சுண்ணாம்பு வேறு.